பச்சை விளக்கைப் பார்த்துப் பயந்த நாள்

போன மாதம் எங்கள் வீட்டு இணைய இணைப்பு படுத்துவிட்டது. சரிசெய்ய வந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், கெட்டிக்காரர். சுவரோரமாக வந்த மெல்லிய கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றி, அதன் முனையைத் தன் கண்ணுக்கு நேராகத் தூக்கினார். "வெளிச்சம் வருதான்னு பாக்கேன்" என்றார். நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. அவர் கையிலிருந்த கம்பி கீழே விழுந்தது.

"என்னம்மா, பாம்பையா பிடிச்சேன்? நாங்க தெனமும் இப்படித்தான பாக்கோம்" என்று சிரித்தார்.

தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான் என்று சொன்னேன். ஏன் அப்படிக் கத்தினேன் என்று கேட்டார். பாதி சொல்வதற்குள் அவருக்கு அடுத்த வீட்டிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. "மீதிய எழுதி வைங்கம்மா, எங்க ஆளுக படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனாலும் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது செம்புக் கம்பிக் காலத்தில். பயிற்சி வடக்கே ஓர் ஊரில் நடந்தது. குளிரையும் சப்பாத்தியையும் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடி நாரில் ஒளியை அனுப்பிப் பேச்சைக் கடத்தலாம் என்பதை அங்கே கரும்பலகையில் படித்தோம், கையால் தொட்டதில்லை. பிறகு நாலைந்து ஊர் சுற்றி, தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டை நிலையத்துக்கு மாற்றலாகி வந்தேன்.

அப்போது பள்ளத்தாக்கு நெடுகிலும், சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வழியாக மலையடிவாரம் வரைக்கும், ஆற்றை ஒட்டியே நார்க் கேபிள் புதைத்திருந்தார்கள். கிழக்குக் கோடியில் நாங்கள். மேற்குக் கோடியில் எங்களைப் போலவே ஒரு நிலையம். நடுவழியில் ஒரு சிறு கட்டடம் உண்டு. ஒளி அதுவரை போவதற்குள் களைத்துக் கலைந்துவிடும்; அங்கே அதற்குப் புது உயிர் கொடுத்து மேலே அனுப்பவேண்டும். அந்த நடுக் கட்டடம்தான் எங்களுக்குத் தீராத தலைவலி. மின்சாரம் போகும், பேட்டரி இறங்கும், எலி புகுந்து கம்பியைக் கடிக்கும். அதை மூடிவிட்டு, கோடியிலிருந்து கோடிக்கு ஒரே தாவலில் ஒளியை அனுப்பப் புது வகை லேசர் ஒன்று வரப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

வந்தது. எங்கள் கோட்டப் பொறியாளர் சங்கரலிங்கம் சார் அந்தப் பெட்டியைத் தன் மடியில் வைத்தபடி ஜீப்பில் கொண்டுவந்தார்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒல்லியான உடம்பு, நெற்றியில் விபூதி, எப்போதும் முழுக்கைச் சட்டை. கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் உயரும், அவருக்குத் தாழும். ரொம்பக் கோபம் என்றால் உதடு அசைவதுதான் தெரியும். அதனால் அவர் மெல்லப் பேசத் தொடங்கினாலே நாங்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிடுவோம். திட்ட மாட்டார். "சரி, என்ன செய்தீய, முதல்லேர்ந்து சொல்லுங்க" என்பார். நாம் சொல்லிக்கொண்டே வரும்போது எந்த இடத்தில் தப்பு என்பது நமக்கே தெரிந்துவிடும். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

புது லேசரை அவர் எங்களுக்கு விளக்கியது நினைவிருக்கிறது. பழைய லேசரில் படிகத்தின் இரண்டு முனையும் முகம்பார்க்கும் கண்ணாடி மாதிரி. நடுவில் ஒளி போய்ப் போய் வந்து பெருகும். அப்படிப் பெருகும்போது ஒரே நிறமாக இல்லாமல், கிட்டக்கிட்ட ஏழெட்டு நிறங்களாக வெளியே வரும். எல்லாமே கண்ணுக்குத் தெரியாத நிறங்கள்.

"பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள வரிசையா ரோட்டுல அனுப்புதோம்னு வைங்க" என்றார். "ஒருத்தன் ஓடுதான், ஒருத்தன் பைய நடக்கான். தெருமுக்கு வரைக்கும் வரிசை கலையாது. அம்பாசமுத்திரம் வரைக்கும் நடக்கவிட்டா எவன் முந்தி, எவன் பிந்தின்னு யாரு சொல்ல? நிறமும் அப்படித்தான். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகம். தூரம் கூடினா எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கொழம்பிரும்."

புது லேசரில் முனைக் கண்ணாடிகளை நம்பியிருக்கவில்லை. உப்புக்கல் அளவுகூட இல்லாத அந்தப் படிகத்துக்குள் நெடுக நுண்ணிய வரிகளைச் செதுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு வரியும் ஒளியில் ஒரு சிட்டிகையைத் திருப்பி அனுப்பும். வரிகளின் இடைவெளிக்கு ஒத்துப்போகிற நிறம் மட்டும் பலம் பெறும், மற்றதெல்லாம் அடங்கிவிடும். கடைசியில் ஒரே நிறம்தான் வெளியே வரும். அது கலையாமல் மேற்குக் கோடி வரை போகும்.

கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அந்த லேசர் பதித்த மின்சுற்று அட்டையைத் தொடவே எங்களுக்குப் பயம். உடம்பில் தங்கும் மின்சாரம், நமக்குச் சுரீர் என்றுகூடத் தெரியாத அளவு, விரல் வழியாக இறங்கினாலே லேசர் செத்துப்போகும். மாற்று அட்டை எங்கள் வட்டாரத்திலேயே கிடையாது. மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி, அதன் வயரைத் தரைக்கம்பியில் மாட்டிக்கொண்டுதான் அருகில் போகவேண்டும். நைலக்ஸ் சேலை கட்டி வரக்கூடாது என்று எனக்கு உத்தரவு. அந்த அறையில் நான் ஒருத்திதான் பெண். அதன்பிறகு வேலை நாளில் பருத்தியைத் தவிர வேறெதையும் கட்டியதில்லை.

அது பொருளைப் பற்றிய பயம். கண்ணைப் பற்றிய பயம் வேறு. பாம்பு சீறும், மின்சாரம் உதறித் தள்ளும், நெருப்பு சுடும். இந்த ஒளி எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. நார் முனையில் ஒன்றுமே தெரியாது. ஒன்றும் தெரியாததால்தான் மனிதன் இன்னும் கிட்டப் போய்ப் பார்ப்பான்.

இதற்காகச் சங்கரலிங்கம் சார் ஒரு முறை வைத்திருந்தார். வழியில் எங்காவது கேபிள் அறுந்து, ஒட்டுப்போட ஆட்கள் போனால், இரண்டு கோடியிலும் லேசரை அணைத்தால் மட்டும் போதாது. அட்டையையே உருவி, அதன் உறையில் போட்டு, பொறுப்பாளரின் மேசைமேல் கண்ணெதிரே வைக்கவேண்டும். "அணைச்சது திரும்ப எரியும். கழத்தி வச்சது எரியாது" என்பார். பிறகு இரண்டு கோடிக்காரரும் வாயால் சொல்லவேண்டும்: "நான் இன்னார். என் கையால் கழற்றினேன். என் முன்னால் இருக்கிறது." அதற்குப் பின்னும், ஒட்டுப்போடும் இடத்தில் நாரின் முனையை ஒளி அளக்கும் மீட்டரில் செருகி, இருட்டு என்று அது காட்டினால்தான் வேலை தொடங்கலாம்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், காலையில் எங்கள் அறையில் எல்லா விளக்கும் சிவப்பானது. சேரன்மகாதேவியைத் தாண்டி ஒரு வாய்க்கால் பாலத்தின் கரை சரிந்து, கேபிளையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மேற்குப் பக்கத்துத் தொலைதூரப் பேச்சு முழுக்க அந்த ஒரு கேபிளில்தான் இருந்தது. அணைக்கு நீர்வரத்து எவ்வளவு, எப்போது திறப்பார்கள் என்று கலெக்டர் அலுவலகம் கேட்டுக்கொண்டே இருக்கிற நேரம். பழைய மைக்ரோவேவ் வழியில் ஒருசில தடங்கள் மிஞ்சின. அவற்றில் ஒன்றுதான் எங்களுக்கும் மேற்கு நிலையத்துக்கும் இருந்த நேரடித் தொடர்பு; மேலிடத்து அதிகாரிகள் மேற்கோடு பேசுவதும் அதில்தான்.

சங்கரலிங்கம் சார் ஒட்டுப்போடும் ஆட்களோடு அவரே கிளம்பினார். ஒட்டுவேலையில் மாடசாமியை மிஞ்ச ஆள் இல்லை. நாற்பது வயதிருக்கும், பேட்டைக்காரர், கனத்த உடம்பு, பூ கட்டுகிறவர் மாதிரி விரல்கள். நாரை வெட்டியதும் மற்றவர்கள் பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒட்டுவார்கள். மாடசாமி ஒரு சின்ன நுண்ணோக்கியைக் கண்ணில் வைத்து, வெட்டுமுனையை நேருக்கு நேராகப் பார்ப்பார். முனையில் ஒரு தூசி, ஒரு சிராய்ப்பு இருந்தாலும் மறுபடி வெட்டுவார். அதனால்தான் அவர் போட்ட ஒட்டு எதுவும் விட்டதில்லை.

கிளம்புமுன் என் இரண்டு அட்டைகளையும் நான் கழற்றி மேசையில் வைத்ததைச் சார் பார்த்தார். ஒன்று முதல் தடம், இன்னொன்று மாற்றுத் தடம். மேற்கு நிலையத்தில் பொறுப்பில் இருந்தவர் செல்வராஜ். இளம் பொறியாளர், சாத்தான்குளத்துக்காரர், வந்து சில மாதம்தான். அவரும் நேரடித் தொடர்பில் வந்து, முறைப்படி, "செல்வராஜ் பேசுதேன். என் கையால கழத்தினேன், ரெண்டும் என் முன்னால இருக்கு" என்றார். பாலத்தில் மீட்டர் வைத்துப் பார்த்து, இருட்டுதான் என்று உறுதி செய்துகொண்டதாக, பக்கத்து அரிசி மில்லிலிருந்து சார் என்னிடம் போனில் சொன்னார். சேரன்மகாதேவிக்குப் பழைய செம்புக் கம்பி ஒன்று அப்போதும் உயிரோடு இருந்தது நல்லதாகப் போயிற்று.

மழை விட்டுவிட்டுப் பெய்தது. நான் அறையில் இருந்தேன். என்னோடு இரண்டு டெக்னீஷியன்கள். சாப்பாட்டு வேளை தாண்டியது.

திடீரென்று, கருவிகள் மாட்டியிருந்த இரும்புச் சட்டத்தில் முதல் தடத்தின் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்தது.

"வந்துட்டு!" என்று டெக்னீஷியன் ஒருவர் கைதட்டினார். இன்னொருவர், "மாடசாமியண்ணன் கையின்னா சும்மாவா" என்றார்.

நான் மேசையைப் பார்த்தேன். அந்தப் பச்சை விளக்குக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு: மேற்கிலிருந்து ஒளி வருகிறது. மேற்கில் அட்டை மேசைமேல் அல்லவா இருக்கவேண்டும்? எங்கள் பக்கத்து லேசர் அட்டைகள் இதோ என் முன்னால் உறையில் கிடக்கின்றன; வருகிற ஒளியை வாங்கும் பகுதி மட்டும்தான் சட்டத்தில் இருக்கிறது. எதிரிலிருந்து ஒளி வராவிட்டால் லேசர் தானாகவே அணைந்துவிடும்படி ஒரு காவல் ஏற்பாடும் உண்டு. அதையும் மீறி எரிகிறது என்றால், யாரோ அட்டையைத் திரும்பச் செருகி, கட்டாயமாக எரியவும் வைத்திருக்கிறார்கள். முதல் தடம் எரிந்தால் மாற்றுத் தடமும் எரிகிறது என்றுதான் கொள்ளவேண்டும். அந்த நார்தான் மாடசாமியின் கையில் அடுத்தது.

மேற்கு நிலையத்தின் நேரடித் தொடர்பை எடுத்தேன். யாரோ அதில் பேசிக்கொண்டிருந்தார்கள், கிடைக்கவில்லை. வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். அப்போதும் இல்லை. மில்லுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு மிஷின் இரைச்சலோடு ஒரு குரல்: "யாருவே அது?"

"அண்ணாச்சி, பாளையங்கோட்டை டெலிபோன் ஆபீஸ்லேர்ந்து பேசுதேன். பாலத்துல எங்க ஆளுக வேல பாக்காங்கல்ல?"

"ஆமா, தார்ப்பாய் கட்டிட்டு உக்காந்திருக்காவ. கூப்பிடணுமா?"

"கூப்பிட நேரமில்ல அண்ணாச்சி. ஓடிப்போய்ச் சொல்லுங்க. கம்பியில கண்ண வைக்காதீங்க, ஒளி வருதுன்னு சொல்லுங்க."

"என்னத்துல கண்ண வைக்காண்டாம்?"

"கம்பியில!"

"கம்பியில எப்படிம்மா கண்ண வைப்பாவ?"

"அண்ணாச்சி, ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன். ஒரு மனுசனுக்குக் கண்ணு போயிரும். 'வேலைய நிறுத்து'ன்னு மட்டும் கத்துங்க, போதும்."

அந்தச் சொல்லில் அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. போனை வைக்காமலே ஓடினார். ரிசீவர் எதன்மீதோ மோதி ஆடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மிஷின் இரைச்சல், தகரக் கூரையில் மழை. நான் காதில் ரிசீவரை அழுத்திக்கொண்டு, சட்டத்தில் மிச்சமிருந்த அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் அதுவரை அந்த விளக்கு பச்சையாகவேண்டும் என்றுதான் வேண்டியிருக்கிறேன். அன்றைக்கு, சிவப்பாகவே இரு, சிவப்பாகவே இரு என்று வாய்விட்டுச் சொன்னேன். டெக்னீஷியன்கள் என்னைப் பார்த்தார்கள், அவர்களுக்கும் விளங்கிவிட்டது.

விளக்கு பச்சையானது.

ஒட்டு விழுந்துவிட்டது என்றால், ஒட்டுமுன் முனையைப் பார்த்தாயிற்று என்று பொருள். பார்க்காமல் ஒட்டுகிற ஆள் இல்லை அவர்.

கொஞ்ச நேரம் கழித்து ரிசீவரை யாரோ எடுத்தார்கள். மில்காரருக்கு மூச்சு வாங்கியது. "சொல்லிட்டேன்மா. நிறுத்திட்டாவ. ஆனா ஒருத்தரு கண்ணத் தொடச்சிக்கிட்டே இருக்காரு."

பிறகு சார் போனுக்கு வந்தார். அவர் குரல் எனக்குக் கேட்கவே இல்லை. மூன்று முறை "சார்?" என்றேன். "மாடசாமிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாரேன். அங்கன வந்து நில்லுங்க" என்றார்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் மாடசாமியின் மனைவி பேச்சியம்மாள் எனக்கு முன்பே வந்திருந்தாள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவசரத்தில் செருப்பு போடாமல் வந்திருந்தாள். மாடசாமி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வலது கண்ணில் நீர் வடிந்தது.

"ஒண்ணும் தெரியல மேடம், அதான் பயமா இருக்கு" என்றார் என்னிடம். "சுட்டிருந்தாலும் சுட்டதுன்னு சொல்லுவேன். நல்லா நின்னு பாத்தேன். முனை சுத்தமா இருந்துச்சு. ஒட்டிட்டு நிமிந்தா ஒருத்தரு ஓடியாந்து கண்ணு கண்ணுன்னு கத்துதாரு. அப்பத்தான் கண்ணு கலங்க ஆரம்பிச்சுது. ஒளியில கலங்குச்சா, பயத்துல கலங்குச்சா, எனக்கே சொல்லத் தெரியல."

பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க ஆபீசுலதான இருந்தீய? கழத்தியாச்சுன்னு சொன்னாவளாம். கழத்துனது எப்படி எரியும்?"

எனக்கும் அப்போது அதுதான் தெரியவில்லை.

டாக்டர் சொட்டுமருந்து விட்டு, நெடுநேரம் உள்ளே பார்த்தார். இந்த வகை ஒளி பட்டு வந்த நோயாளியை அதுவரை அவர் பார்த்ததில்லை என்று உண்மையைச் சொன்னார். "இப்ப எதுவும் தெரியல. சில காயம் நாள் கழிச்சுத்தான் தெரியும். ஒரு வாரம் போகட்டும்" என்றார்.

அந்த ஒரு வாரத்தில் மாடசாமி தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பாராம். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, தூரத்தில் வருகிற பஸ்ஸின் பெயர்ப்பலகையை வலது கண்ணால் படிப்பார். பாபநாசம் என்று படித்துவிட்டால் வீட்டுக்கு வந்து காபி குடிப்பார். ஒரு நாள் பனிமூட்டத்தில் படிக்க முடியாமல், பயந்துபோய் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பேச்சியம்மாள்தான் போய், "எனக்கும்தான் தெரியல, எந்திரிங்க" என்று கூட்டிவந்தாள்.

இதற்கிடையில் சங்கரலிங்கம் சார் மேற்கு நிலையத்துக்குப் போனார், என்னையும் கூட்டிப்போனார். செல்வராஜ் எழுந்து நின்றார். தாடி மழிக்கவில்லை, சாப்பிட்டே நாளான முகம்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க தம்பி" என்றார் சார், வழக்கம்போல.

"கழத்தினேன் சார். மேசையிலதான் வச்சிருந்தேன். மேலிடத்துலேர்ந்து போன் வந்துக்கிட்டே இருந்துச்சு. வழி எப்ப வரும், ஒம்ம பக்கம் தயாரா, அட்டை நல்லாருக்கான்னு பாத்தீரான்னு கேட்டுக்கிட்டே இருந்தாவ. கழத்தி வச்சிருக்கேன்னு சொன்னதுக்கு, செத்துப்போன அட்டைய வச்சிக்கிட்டு உக்காந்திருக்கியான்னு கேட்டாவ சார். எரியுதான்னு பாத்துட்டு ஒடனே எடுத்துருவோம்னு ரெண்டையும் போட்டு, காவலையும் மீறி எரிய விட்டேன். எரிஞ்சுது. எடுக்கப்போகையில மறுபடியும் போன்..."

நான் நேரடித் தொடர்பில் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கிடைக்காமல் நின்றது அந்தப் போனால்தான்.

சார் சட்டத்தின் முன்னால் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வெளியே ஜீப்பில் ஏறும்போது மட்டும், "அவனுக்கும் பயம்தான்மா. நாம ஒளிக்குப் பயப்படச் சொல்லிக் குடுத்தோம். அவன் அதவிடப் பெருசா ஒண்ணுக்குப் பயந்துட்டான்" என்றார்.

வாரம் முடிந்து டாக்டர் மறுபடி பார்த்து, கண்ணில் குறையில்லை என்றார். அந்த நிறத்து ஒளியில் பெரும்பகுதி கண்ணின் முன்பக்கத்திலேயே தங்கிவிடும், எங்கள் லேசரின் பலமும் குறைவுதான் என்று பல வருடம் கழித்து நான் படித்தேன். நல்லதுதான். ஆனால் எல்லா லேசரும் அப்படியில்லை. படித்த பிறகும் என் பயம் போகவில்லை.

மாடசாமி வேலைக்குத் திரும்பினார். குழி தோண்டுவதை மேற்பார்த்தார், கேபிள் இழுத்தார். நுண்ணோக்கியை மட்டும் தொடமாட்டேன் என்றுவிட்டார். யாரும் வற்புறுத்தவில்லை. வேறு ஆட்கள் போட்ட ஒட்டுகளில் ஒளி ஒழுகி, வழி அடிக்கடி தடுமாறியது.

கார்த்திகையில் வாய்க்கால் மறுபடி கரையை அரித்தது. முந்திய இடத்துக்குச் சற்றுத் தள்ளிக் கேபிள் அறுந்தது. சார் மாடசாமியை அழைத்து, "ஒம்மால முடியுமாவே? முடியாதுன்னா தப்பில்ல" என்று கேட்டார்.

மாடசாமி ஒரு நிபந்தனை வைத்தார். "வாய் வார்த்தை வேண்டாம் சார். அட்டைக நாலும் என் கண்ணு முன்னால இருக்கணும். அப்பன்னா பாக்கேன்."

மேற்கு அட்டைகள் வந்துசேர மத்தியானம் ஆகிவிடும். அதுவரை வழி செத்துக் கிடக்கும். மேலிடத்தில் என்ன சொல்வார்களோ என்று நான் சாரைப் பார்த்தேன். "கெடக்கட்டும். கேட்டா என் பேரச் சொல்லுங்க" என்றார் அவர்.

என் இரண்டு அட்டைகளை உறையோடு மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் போனேன். தார்ப்பாயின்கீழ் மாடசாமி, சார், நான். கீழே தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் பாலத்துக்கு அந்தப் பக்கம் ரோட்டைப் பார்த்தபடி இருந்தோம்.

மேற்கேயிருந்து வந்த டவுன் பஸ் ஒன்று பாலத்துக்கு முன்னால் நின்றது. செல்வராஜ் இறங்கினார். அட்டைகள் இருந்த பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்ததால் குடை பிடிக்கவில்லை. நனைந்துகொண்டே வந்து, மாடசாமியின் முன்னால் நின்று பையைத் திறந்து காட்டினார்.

மாடசாமி நான்கு உறைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு மீட்டரையும் வைத்துப் பார்த்தார். இருட்டு.

"உக்காருங்க சார்" என்றார் செல்வராஜிடம், தன் எதிரே இருந்த பலகையைக் காட்டி. "நான் கடைசி ஒட்டு போட்டு முடிக்கிற வரைக்கும் எந்திரிக்கப்படாது."

செல்வராஜ் நான்கு அட்டைகளையும் மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். மாடசாமி நுண்ணோக்கியைத் துடைத்தார். அப்புறம் குனிந்து, வலது கண்ணையே அதில் வைத்தார்.